கரும்பலகையில் ஐந்து கட்டம் போடுங்கள்

தமிழ்வழி வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,



நானும் உங்களில் ஒருத்திதான். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு எழுத்து விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கவே இந்த மடல். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை டிக்டேஷனை நிறுத்திவிட்டு, கரும்பலகையில் ஐந்து கட்டம் போடுங்கள். ஒன்றிரண்டு கட்டங்களில் மட்டும் எழுத்தை இட்டு, மீதியைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். மேசைமேல் அகராதி திறந்தே கிடக்கட்டும்.

இத்தனை எழுத்து, அதில் இன்னின்ன எழுத்து இருக்கவேண்டும், அப்படி ஒரு ஆங்கிலச் சொல் எது? ஸ்கிராபிள் பலகையிலும், குறுக்கெழுத்திலும், செல்பேசியில் தினமும் ஆடும் வேர்டிலிலும் கேட்கப்படுவது இந்த ஒரு கேள்விதான். இதை ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். ‘சொல்லே தெரியாத பிள்ளை எப்படித் தேடும்?’ என்று என்னிடம் கேட்ட ஆசிரியர்கள் உண்டு. தேடுவதற்குச் சொல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த எழுத்து எதன் பக்கத்தில் நிற்கும், எங்கே நிற்காது என்பது தெரிந்தால் போதும். அதைச் சொல்லித்தர முடியும். வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்கும் அது வரும். இதை நான் முழுமையாக நம்புகிறேன்.

மேலே போகுமுன் ஓர் ஏற்பாடு. தமிழில் எழுதும்போது சில ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. இந்த மடலில் ‘டீ’ என்று நெடிலாக எழுதினால் அது டேபிள், டீச்சர் இவற்றின் முதலெழுத்து. மற்ற குழப்பமான எழுத்துகளைக் கூடியவரை தவிர்த்திருக்கிறேன்.

ஓர் உதாரணம். ஐந்து கட்டம். மூன்றாவதில் ஐ. ஐந்தாவதில் இ. டபிள்யூ, எச் என்ற இரண்டும் மீதி மூன்று கட்டங்களில் எங்கோ இருக்கின்றன. எங்கே?

நான்காவது கட்டத்தில் எச் நின்றால் ஐ, எச், இ என்று முடியும். அப்படி முடியும் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், அகராதியிலும் கிடைக்காது. டபிள்யூவை அங்கே நிறுத்தினால் ஐக்குப் பின் டபிள்யூ. கிவி போல வெளியிலிருந்து வந்த சொல்லில்தான் அதைக் காணலாம். ஆகவே இரண்டும் முதல் இரண்டு கட்டங்களுக்குள் போகவேண்டும். எச் முதலில், டபிள்யூ இரண்டாவதில், ஐ மூன்றாவதில் என்றால் அப்படித் தொடங்கும் சொல் இல்லை. டபிள்யூ முன்னால், எச் பின்னால். வேறு வழியே கிடையாது. இப்போது காலியாக இருப்பது ஒரே கட்டம். அதில் எல் போட்டால் ‘வைல்’, என் போட்டால் ‘வைன்’, டீ போட்டால் ‘வைட்’. போது, சிணுங்கு, வெள்ளை. மூன்றும் சொல். சிணுங்குவதற்கான அந்த ஆங்கிலச் சொல்லை அந்தப் பிள்ளை வாழ்நாளில் கேட்டிருக்காது. ஆனாலும் கதவு வரை தானே நடந்துவந்துவிட்டது. அகராதியைத் திறந்து பொருளைப் பார்க்கும்போது அது தான் கண்டெடுத்த சொல்லாக இருக்கும். ஆசிரியர் பலகையில் எழுதிப்போட்ட சொல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மறுவாரம் கேட்டுப்பாருங்கள், தெரியும்.

இது ஏன் முடிகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 26 எழுத்துகளை ஐந்து கட்டங்களில் எப்படி வேண்டுமானாலும் நிரப்பலாம் என்றால் 1,18,81,376 வரிசைகள் கிடைக்கும். ஆங்கிலச் சொல் விளையாட்டுகளின் பட்டியல்களில் உள்ள ஐந்தெழுத்துச் சொற்களோ ஏறத்தாழ 13,000. ஆயிரம் வரிசைக்கு ஒன்றுதான் சொல்; மீதி எல்லாம் வெற்று எழுத்து. அந்த 999 ஏன் சொல்லாகவில்லை என்று கேட்டால் காரணம் இருக்கிறது, அந்தக் காரணங்களில் பெரும்பகுதியைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த கிளாட் ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டை நிறுவிய தன் கட்டுரையில் குறுக்கெழுத்தைப் பற்றியே பேசியிருக்கிறார். ஒரு மொழியில் எந்த எழுத்தும் எந்த எழுத்தின் பக்கத்திலும் நிற்கலாம் என்றிருந்தால், எப்படி நிரப்பினாலும் அது குறுக்கெழுத்து ஆகிவிடும். கட்டுப்பாடு மிக அதிகமாக இருந்தால் பெரிய கட்டத்தை நிரப்பவே முடியாது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய பாதி எழுத்து நம் விருப்பத்தாலும் மீதிப் பாதி மொழியின் அமைப்பாலும் தீர்மானிக்கப்படுகிறது என்று அவர் மதிப்பிட்டார். அதனால்தான் குறுக்கெழுத்து என்ற ஒன்று அந்த மொழியில் சாத்தியமாகிறது என்றார். 1951இல் இன்னொரு கட்டுரை. ஒரு பகுதியை மறைத்துவைத்து, அடுத்த எழுத்து எது, அடுத்த எழுத்து எது என்று ஒருவரை ஊகிக்கச் சொன்னார். 129 எழுத்துகளில் 89 முதல் ஊகத்திலேயே சரியாக வந்தன. ஊகித்தவர் ஆங்கிலம் நன்கு அறிந்தவர், உண்மைதான். ஆனால் அவர் பயன்படுத்திய அறிவில் பெரும்பகுதி எழுத்துகளின் கூட்டு பற்றிய அறிவு. அதை யாரும் அவருக்குப் பாடமாக நடத்தவில்லை, தானாகப் படிந்தது. நம் பிள்ளைகளுக்குத் தானாகப் படிய வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் இல்லை. ஆகவே நாம் கையில் எடுத்துக் கொடுக்கவேண்டும்.

கொடுப்பதற்கு நமக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் என்ன நடத்துகிறார்? மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள், மொழிக்கு இறுதியில் வரும் எழுத்துகள், மெய்ம்மயக்கம். தொல்காப்பியம் நூன்மரபிலும் மொழிமரபிலும் இதைச் சொல்கிறது. நன்னூல் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்து 22, இறுதியில் வருவது 24 என்று எண்ணியே சொல்லிவிடுகிறது. வல்லின மெய் சொல்லின் கடைசியில் நிற்காது. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும், எது வராது என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ஐந்து கட்ட விளையாட்டுக்கு வேண்டிய அறிவு முழுக்க முழுக்க இந்த வகை அறிவுதான். ஆங்கிலத்துக்கும் மொழிமுதல் உண்டு, மொழியிறுதி உண்டு, மெய்ம்மயக்கம் உண்டு. நம் ஆங்கிலப் பாடநூல்கள் அதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. நாம் சொல்லலாம்.

வி என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கே உரிய சொற்கள் பெரும்பாலும் வியில் முடிவதில்லை. ‘கிவ்’, ‘ஹேவ்’, ‘லவ்’ எல்லாவற்றிலும் ஒலிக்காத ஓர் இ கடைசியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. பேங்க் என்ற சொல் தமிழில் வல்லின மெய்யோடு நிற்க முடியாமல் பேங்கு ஆகிறதே, அந்த உகரம் செய்யும் வேலையைத்தான் இந்த இ செய்கிறது. இதைச் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலில் ஓர் இ-யை விட்டுவிடும் பிழை அதற்குப் பிறகு குறைகிறது. ஐந்து கட்டத்தில் நான்காவது வி என்றால், ஐந்தாவது இ-யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

க்யூவுக்குப் பின் யு வரும். வராத சொற்கள் இருக்கின்றன: தலாக், ஃபக்கீர், நிகாப், கவ்வாலி. அரபு, உருது வழியாக ஆங்கில அகராதிக்குள் வந்தவை. லண்டனைத் தமிழில் எழுதும்போது சிலர் முன்னால் ஓர் இகரம் சேர்ப்பார்கள், சிலர் அப்படியே விடுவார்கள். வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு வீட்டு விதி முழுதாகப் பொருந்தாது என்பது இரண்டு மொழிக்கும் பொது. இந்த நான்கு சொல்லும் நம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் காதில் கேட்டவை. ஆங்கில அகராதியில் தங்களுக்குப் பழக்கமான சொல்லும் இருக்கிறது என்று தெரிவதே ஒரு தெம்பு. தோசைகூட ஸ்கிராபிளுக்கான காலின்ஸ் சொற்பட்டியலில் இருக்கிறது.

மெய்ம்மயக்கத்துக்கு வருவோம். சொல்லின் தொடக்கத்தில் மூன்று மெய்யொலிகள் அடுத்தடுத்து வந்தால் முதல் ஒலி எஸ்ஸுக்குரியது: ஸ்ட்ரீட், ஸ்ப்ரிங், ஸ்கிரீன். சி-யும் கே-யும் சேர்ந்து சொல்லைத் தொடங்காது, குறுகிய உயிரொலிக்குப் பின் முடித்துவைக்கும்: ராக், நெக், லக். என்-னும் ஜி-யும் சேர்ந்தாலும் அப்படித்தான், முடிக்கும், தொடங்காது. எச் தனக்கு முன்னால் எல்லா மெய்யையும் ஏற்காது, சி, எஸ், டீ, டபிள்யூ போலச் சிலவற்றைத்தான் ஏற்கும். இந்த விதிகளை நீங்கள் பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும். கட்டத்தை முன்னால் வைத்து, பிள்ளைகள் ‘அப்படி வராது டீச்சர்’ என்று சொல்லும்போது, ‘ஏன் வராது, தேடிப்பார்’ என்று அகராதியைத் தள்ளுங்கள். விதியை அவர்களே எழுதட்டும். விதியை மீறும் சொல்லையும் அவர்களே பிடித்துக் காட்டட்டும். மீறலைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசை பெரிது.

ஒலிக்காத எழுத்துகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் பிள்ளைகளை டிக்டேஷனில் மிக அதிகமாக அழவைத்தவை அவைதான். தமிழில் எழுதியதைப் படிக்கிறோம், படிப்பதை எழுதுகிறோம். எழுத்து ஒன்று நின்றுகொண்டு ஒலிக்காமல் இருப்பது நம் பிள்ளையின் அனுபவத்திலேயே இல்லாத ஒன்று. ‘நைஃப்’ என்று நாம் வாசித்தால் பிள்ளை என்-னில் தொடங்கித்தான் எழுதும். அதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை. காது கேட்டதைக் கை எழுதியது. பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே ஒலித்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. பேச்சு மாறிக்கொண்டே போனது. ஒலி உதிர்ந்தது, எழுத்து நின்றுவிட்டது.

டிக்டேஷன் காதிலிருந்து கைக்குப் போகிறது. கட்ட விளையாட்டு கண்ணிலிருந்து தொடங்குகிறது. அங்கே இந்த ஊமை எழுத்துகள் தொல்லை தருவதில்லை, துப்பு தருகின்றன. முதல் கட்டத்தில் கே. மூன்றாவதில் ஓர் உயிர். அப்படியானால் இரண்டாவதில் என்ன மெய் வரும்? பெரும்பாலும் என் தான். எல்லும் ஆரும் வெளியிலிருந்து வந்த சில சொற்களில் மட்டும். உடனே முழங்காலிடுவதற்கான ‘நீல்’, தட்டுவதற்கான ‘நாக்’, தெரிந்த என்று பொருள்படும் ‘நோன்’, கத்திக்கான ‘நைஃப்’ என்று வரிசையாக வரும். அதேபோல டபிள்யூவை அடுத்து ஆர்: எழுதுவதற்கான ‘ரைட்’, தவறுக்கான ‘ராங்’, மணிக்கட்டுக்கான ‘ரிஸ்ட்’. இந்தச் சொற்களை இப்படித் தேடிக் கண்ட பிள்ளை அடுத்த டிக்டேஷனில் அந்தக் கே-யை விடாது. இதற்கு ஆராய்ச்சி முடிவு எதையும் நான் காட்டவில்லை. என் மாணவர்களின் நோட்டுகளில் கண்டதைச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பார்த்து ஒரு முடிவுக்கு வாருங்கள்.

எந்த எழுத்தை முதலில் முயல்வது என்ற கேள்வி அடுத்து வரும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் எழுத்து இ. அடுத்து டீ, பிறகு ஏ, ஓ, ஐ, என். இதை எண்ணிப் பார்த்தவர்களின் கதை சுவையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-கிந்தி மறைகுறிச் செய்திகளை உடைப்பதற்காக எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணும் முறையை எழுதிவைத்தார். அது அரபு மொழிக்கு. ஆங்கிலத்தில் பழைய லினோடைப் அச்சு இயந்திரத்தின் விசைகளே இந்த அடிக்கடி வரும் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க்கில் உட்கார்ந்து செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணினார். அவர் வகுத்த விளையாட்டுதான் 1948இல் ஸ்கிராபிள் என்ற பெயரில் வந்தது. அதில் 100 வில்லைகள். இ மட்டும் 12. ஏ 9, ஐ 9. க்யூ ஒன்றே ஒன்று, இசட் ஒன்றே ஒன்று. இரண்டுக்கும் 10 புள்ளி. எஸ்ஸை நான்கோடு நிறுத்திவிட்டார், பன்மையாக்கியே எளிதில் ஆடிவிடக் கூடாதென்று.

இந்த எண்ணிக்கையைப் பிள்ளைகளையே செய்யவையுங்கள். ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தை வகுப்புக்குப் பகிர்ந்து கொடுத்து, ஆளுக்கு ஒரு பத்தி, எழுத்துகளை எண்ணிக் கோடு போடச் சொன்னால் அரைமணி நேரத்தில் முடியும். இ எல்லாவற்றையும் முந்தி நிற்பதைக் கண்ணால் பார்ப்பார்கள். இ-யே இல்லாமல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் 1939இல் ‘காட்ஸ்பி’ என்று 50,000 சொற்களுக்கு மேல் ஒரு நாவல் எழுதினார் என்று அப்போது சொல்லுங்கள். அது எத்தனை கடினம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத்தான் சரியாகப் புரியும்.

உயிரெழுத்து ஒன்றும் கிடைக்காமல் பிள்ளைகள் திகைக்கும் கட்டமும் வரும். அப்போது ஒய்-யை நினைவூட்டுங்கள். தாளத்துக்கான ‘ரிதம்’, நிணநீருக்கான ‘லிம்ஃப்’, வெள்ளைப்போளத்துக்கான ‘மிர்’ இவற்றில் ஏ, இ, ஐ, ஓ, யு ஒன்றுகூட இல்லை. நிணநீரை அவர்கள் அறிவியலில் படிக்கிறார்கள். நான் ஆங்கில ஆசிரியையாக இருந்தும் அறிவியல் நூலிலிருந்து சொல் எடுக்கத் தயங்கியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சில பிள்ளைகள் ஒரே கட்டத்துக்குள் இரண்டு எழுத்து எழுதுவார்கள். ‘கி’ என்பது அவர்களுக்கு ஓர் எழுத்து. ஆகவே கே-யும் ஐ-யும் ஒரே கட்டத்தில் போகும். தமிழின் உயிர்மெய்யை நன்றாக உள்வாங்கிய பிள்ளைதான் இப்படிச் செய்யும். சிவப்பு மையால் அடிக்காதீர்கள். ‘பள்ளி’க்குத் தமிழில் எத்தனை எழுத்து, அதே ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதினால் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மொழியும் எழுத்தை எண்ணும் முறையே வேறு என்பது அந்த நிமிடத்தில் விளங்கிவிடும். சொல்லின் நீளத்தைப் பற்றிய தமிழ் அறிவையும் கூடவே கொண்டுவாருங்கள். ஓரெழுத்து ஒருமொழி 42 என்கிறது நன்னூல். ஸ்கிராபிள் ஆடுபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வதும் ஈரெழுத்துச் சொற்களைத்தான். காலின்ஸ் பட்டியலில் அவை நூற்றுக்கு மேல். சின்னஞ்சிறு சொல்லை எண்ணிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

இனி நம் பிள்ளைகளுக்கு எட்டாது என்ற பேச்சுக்கு வருகிறேன். 2003இல் கோலாலம்பூரில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியில் வென்றவர் தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயாகோர்ன். 2009இல் வென்ற பகோர்ன் நெமித்ரமன்சுக்கும் தாய்லாந்துக்காரர்தான். அந்த நாட்டில் ஆங்கிலம் ஆட்சிமொழி கிடையாது, வீட்டு மொழியும் கிடையாது, எழுத்து வடிவமே வேறு. 2015இல் பெர்த் நகரில் நைஜீரியாவின் வெல்லிங்டன் ஜிகெரே வென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் உலக வாகையர் அவர். இவர்கள் லண்டனிலோ நியூயார்க்கிலோ வளர்ந்து ஆங்கிலத்தைக் காற்றில் பெற்றவர்கள் அல்லர். எழுத்துகளின் கூட்டைப் பயின்றவர்கள்.

நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் ஐந்து முறை உலக வாகையர். 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது, சில வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்துவிட்டுப் போனவர். 2024இல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அப்படியே.

இதே கதை ஓர் எச்சரிக்கையும் கூட. பிரெஞ்சில் உலக வாகையராகியும் அவர் பிரெஞ்சில் ஒரு காபி கேட்டு வாங்கத் தடுமாறக்கூடும். கட்டத்தில் சொல் கண்டுபிடிப்பது மொழியைக் கற்றதாகாது. எழுத்துக்கூட்டலின் மேலுள்ள பயம் போகும், அகராதி பழகும், அச்சிட்ட சொல்லை உற்றுப்பார்க்கும் கண் வரும். அவ்வளவுதான் நான் உறுதி சொல்வேன். ஆகவே கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் பார்க்கவேண்டும், ஒரு வாக்கியத்தில் அதைப் பயன்படுத்தவேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு விளையாட்டை மட்டும் நடத்தினால் நேரம் வீண். பேசுவதும் படிப்பதும் தனி வேலை, அதற்கான பாடவேளையை இதற்காகக் குறைக்கவே கூடாது.

எந்தச் சொற்களைக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வேர்டிலை உருவாக்கிய ஜோஷ் வார்டில் அதைத் தன் துணைவிக்காகத்தான் செய்தார். அவர் எடுத்த பட்டியலில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 12,000 இருக்க, அவற்றில் பல யாரும் கேள்விப்படாதவை. தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று அந்தப் பெண்மணி உட்கார்ந்து பிரித்தார். சுமார் 2,500 எஞ்சியது. தொடக்கத்தில் விடையாக வந்தவை அவற்றிலிருந்து மட்டுமே. 2021 நவம்பர் முதல் நாளில் 90 பேர் ஆடினார்கள். 2022 சனவரி தொடக்கத்தில் 3 லட்சம் பேர். அந்த மாதக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. அந்த வளர்ச்சிக்கு அந்தத் துணைவி செய்த சல்லடை வேலை பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆடுபவருக்கு எட்டும் தூரத்தில் விடை இருந்தது. நீங்களும் உங்கள் வகுப்புக்கான பட்டியலை உங்கள் பாடநூலிலிருந்து சலித்து எடுங்கள். அந்த வகுப்பின் பிள்ளைகள் ஒருமுறையாவது கண்ணால் கண்ட சொல்லாக இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியலை அப்படியே இறக்கி வைத்தால் இரண்டாம் வாரத்தில் வகுப்பு சோர்ந்துவிடும்.

பட்டியல் எடுக்கும் வேலையிலும் பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஒரு பழைய நோட்டு. மூன்றெழுத்துக்குச் சில பக்கம், நான்குக்குச் சில, ஐந்து, ஆறு. பாடத்தில் வரும் சொல்லை அதன் நீளத்துக்குரிய பக்கத்தில் எழுதவேண்டும். அகராதி முதலெழுத்தால் அடுக்கப்பட்டது. முதலெழுத்துத் தெரியாதவருக்கு அது கதவைத் திறப்பதில்லை. நீளத்தால் அடுக்கிய நோட்டு அந்தக் குறையைத் தீர்க்கும். இன்னொரு பழக்கமும் போட்டியாளர்களிடமிருந்து கற்கத்தக்கது. ஒரு சொல்லின் எழுத்துகளை அகரவரிசைப்படி மாற்றி எழுதிவைப்பார்கள். இ, ஐ, எல், எம், எஸ் என்று எழுதிவைத்தால் அதற்கு நேரே புன்னகை வரும், வழுவழுப்பான சகதி வரும், மைல்கள் வரும், எலுமிச்சைகள் வரும். ஸ்மைல், ஸ்லைம், மைல்ஸ், லைம்ஸ். நான்கும் அதே ஐந்து எழுத்து. இப்படி ஒரே எழுத்துக் குவியலில் உறங்கும் சொற்களைத் தேடிச் சேர்ப்பதில் எட்டாம் வகுப்புப் பையன்கள் காட்டும் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

கணினி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி இட்டுத் தேடும் வசதி எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள்களில் இருக்கிறது. பிள்ளைகள் சேர்த்த சொற்களை ஹைடெக் லேபில் ஒரு நெடுவரிசையாக ஏற்றிவிட்டால், ஐந்தெழுத்து, மூன்றாவது ஐ, கடைசி இ என்று கேட்டதும் அது கொட்டிவிடும். இணையத்தில் இதற்கென்றே தளங்கள் உள்ளன. பிள்ளைகள் அவற்றைப் பார்ப்பது ஏமாற்று என்று சிலர் கண்டிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் தலையைப் போட்டுத் தேடு, முடியாதபோது பார், பார்த்ததும் ஏன் உனக்கு அது தோன்றவில்லை என்று யோசி. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும். தேடுகருவி காட்டும் முப்பது சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எழுத்துகளின் கூட்டு பளிச்சென்று தெரியும்.

குறுக்கெழுத்து நம் மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் நினைவூட்டிக்கொள்வோம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வோர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்டதுதான் இன்றைய குறுக்கெழுத்தின் தொடக்கம். தமிழில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தி வாசகர்களை ஈர்த்தது. சென்னையிலிருந்து வரும் தி இந்து ஆங்கில நாளிதழ் 1971இல் தனக்கென்று குறுக்கெழுத்து தொடங்கியபோது அதை அமைத்தவர் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. செங்கல்பட்டில் பிறந்தவர், 1958இல் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். கப்பற்படையை நடத்திய ஒருவர் ஓய்வுக்காலத்தில் எழுத்துகளைக் கட்டங்களில் அடுக்க உட்கார்ந்தார். அதற்குரிய மதிப்பை நாமும் கொடுக்கலாம்.

ஒன்றுமட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். நேரம் குறிக்காதீர்கள். யார் முதலில் சொன்னது என்று பெயரைப் பலகையில் எழுதாதீர்கள். ஆங்கிலவழியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளை ஐந்து நொடியில் விடையைச் சொல்லிவிடும். மற்ற நாற்பது பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆகவே விடையைக் கேட்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். இந்தக் கட்டத்தில் எந்த எழுத்து வராது? ஏன்? ஒரு பிள்ளை ஒரு எழுத்தை நீக்கட்டும், அடுத்தது இன்னொன்றை நீக்கட்டும். வராத எழுத்தைச் சொல்வதும் முன்னேற்றம்தான் என்று வகுப்புக்குப் பழகிவிட்டால், சொல்லே தெரியாத பிள்ளையும் கை தூக்கும். பெரிய போட்டி, கோப்பை, சான்றிதழ் என்று யாராவது தனியார் நிறுவனத்தார் பள்ளிக்கு வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அகராதிக்கு அந்தப் பணத்தைக் கேளுங்கள்.

பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். தெரியும், நானும் அதே ஓட்டத்தில் ஓடியவள். ஒரு பாடவேளை தர முடியாவிட்டால் வகுப்பின் கடைசி ஏழெட்டு நிமிடம் போதும். ஒரு கட்டம், ஒரு சொல். வகுப்பில் சத்தம் வரும். தலைமையாசிரியர் எட்டிப்பார்ப்பார். அவரையும் உள்ளே அழைத்து ஒரு எழுத்தை நீக்கச் சொல்லுங்கள்.

வருகிற திங்கட்கிழமையே தொடங்குங்கள். முதல் சொல்லுக்கு உங்கள் பாடநூலின் முதல் பாடத்திலிருந்து ஒன்றை எடுங்கள், கடைசிக் கட்டத்தில் இ இருக்கட்டும். வகுப்புக்கு அகராதி இல்லையென்றால் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பழைய பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. செய்து பார்த்தவர்கள் உங்கள் பிள்ளைகள் கண்ட விதிகளையும், அவற்றை மீறும் சொற்களையும் குறித்துவைத்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு படி கொடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு பணியாற்றிய ஓர் ஆங்கில ஆசிரியை